இரண்டு நாள் கழித்து வரும் வீக்கம்

எங்கள் ஊர் உடுமலைப்பேட்டை. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் இங்கே உதடு வெடிக்காதவர்கள் குறைவு. சின்ன வயதில் அம்மிச்சி ராத்திரி விளக்கெண்ணெயை விரலில் தொட்டு உதட்டில் தடவிவிடுவார். இரண்டு நாளில் சரியாகிவிடும். அதனால் மூன்று வருடம் முன்பு ஓர் ஆடியில் உதடு காய்ந்து தோல் உரிந்தபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கப் பேசுகிற வேலை எனக்கு. கைப்பையில் வைத்துக்கொள்ள வசதியாக, ரோஜா மணம் போட்ட ஒரு லிப் பாம் வாங்கினேன்.

தடவினால் அரை மணி நேரம் இதமாக இருக்கும். அப்புறம் மறுபடி இழுக்கும், மறுபடி தடவுவேன். ஆவணி பிறந்தது, காற்று நின்றது, உதடு மட்டும் ஆறவில்லை. கீழுதட்டின் ஓரம் சிவந்து, சோற்றில் ரசம் ஊற்றிச் சாப்பிட்டால் எரிந்தது. காலையில் எழுந்ததும் உதட்டின் மேல் மெல்லிய மஞ்சள் பொருக்கு இருக்கும். வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டால் நடுவில் வெடித்து ரத்தம் துளிர்க்கும்.

புரட்டாசிக்கு முன்பு சித்தப்பா மகன் கல்யாணம் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வரவேற்பு, ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். இரண்டு நாளும் உள்ளே லிப் பாம், மேலே லிப்ஸ்டிக். திங்கட்கிழமை இரவு உதடு கனத்தது. செவ்வாய் காலை கண்ணாடியில் பார்த்தபோது மேலுதடு என்னுடையது போலவே இல்லை. அரிப்பு தாங்க முடியவில்லை. உதட்டைச் சுற்றிச் சின்னச் சின்னக் கொப்புளங்கள், உள்ளே தெளிந்த நீர்.

"பந்தியில கத்திரிக்காய் சாப்பிட்டியா கண்ணு?" என்று அத்தை கேட்டார். சாப்பிட்டிருந்தேன். அன்றோடு கத்தரிக்காயை விட்டேன். அடுத்த முறை வீங்கியபோது கருவாட்டை விட்டேன். அதற்கடுத்த முறை நிலக்கடலையை. ஐந்து மாதம் இப்படி ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போனேன். இலையில் பதார்த்தங்கள் குறைந்தனவே தவிர உதடு மாறவில்லை. லிப் பாமை மட்டும் சந்தேகப்படத் தோன்றவே இல்லை. புண்ணாகிறது என்பதற்காகத்தானே அதைத் தடவுகிறேன்! அதோடு, தடவிய அன்றைக்கு எதுவும் ஆகாதே.

நடுவில் ஒரு தவறு செய்தேன். இதைப் படிக்கிறவர்கள் அதைச் செய்யக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். மருந்துக் கடையில் உதட்டைக் காட்டி ஏதாவது கொடுங்கள் என்றேன். ஒரு டியூப் கொடுத்தார்கள். மூன்றே நாளில் உதடு பளிச்சென்று ஆனது. நிறுத்திய ஒரு வாரத்தில் முன்பைவிட மோசமாகச் சிவந்தது. மறுபடி தடவினேன், மறுபடி அடங்கியது. இப்படியே இரண்டு மாதம். பிறகுதான் தெரிந்தது, அதில் இருந்தது க்ளோபெட்டசால் என்ற கடும் ஸ்டீராய்டு, கூடவே பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும். உதட்டுத் தோல் மிக மெல்லியது. அதன் மேல் வாரக்கணக்கில் போடுகிற மருந்தே இல்லை அது. மூக்குக்கும் வாய்க்கும் நடுவில் பரு மாதிரி சிவப்புப் பொரிகள் வந்ததுதான் எனக்கு மிஞ்சிய பலன்.

கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். அவர் உதட்டைப் பார்த்தது இரண்டு நிமிடம், கேள்வி கேட்டது இருபது நிமிடம். உதட்டில் என்னென்ன படுகிறது? நாக்கால் நனைக்கிற பழக்கம் உண்டா? என்ன பேஸ்ட்? பேனா மூடியைக் கடிப்பீர்களா? மாம்பழத்தைத் தோலோடு கடித்துச் சாப்பிடுவீர்களா?

மாம்பழக் கேள்வி எனக்குப் புரிந்தது. மாம்பால் பட்டால் வாய் புண்ணாகும் என்பது தோப்பு வைத்திருக்கிறவர்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும். சேராங்கொட்டையும் மாவும் முந்திரியும் ஒரே குடும்பம், மூன்றின் பாலும் தோலைப் புண்ணாக்கும் என்று அவர் சொன்னார். ஆனால் எனக்கு மார்கழியிலும் வந்தது. மார்கழியில் ஏது மாம்பழம்?

"வீங்குறதுக்கு முந்தின நாள் சாப்பிட்டதை விடுங்கம்மா. ரெண்டு மூணு நாள் முன்னாடி உதட்டுல என்ன போட்டீங்க?" என்றார். அந்த ஒரு கேள்வியில் கல்யாண வீட்டு சனிக்கிழமை எனக்கு ஞாபகம் வந்தது.

அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்ட வகையில் சொல்கிறேன். ஒவ்வாமையில் இரண்டு வகை உண்டு. இறால் சாப்பிட்ட சில நிமிடங்களில் தடித்து வீங்குவது ஒன்று. நாக்கு தடித்தாலோ, தொண்டை அடைத்தாலோ, மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டிய வகை அது. எனக்கு இருந்தது மற்றது. பொருள் தோலில் பட்டு, உடம்பின் வெள்ளணுக்கள் அதை அடையாளம் கண்டு, திரண்டு வந்து சேர ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை ஆகும். அதனால்தான் தடவியது ஒரு நாளும் வீங்கியது ஒரு நாளுமாக இருந்தது. வருடக்கணக்காக ஒன்றும் செய்யாத பொருளுக்குக்கூட திடீரென்று ஒரு நாள் இந்த ஒவ்வாமை உண்டாகலாம். உண்டானால் அந்த ஞாபகம் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது.

எது என்று கண்டுபிடிக்க பேட்ச் டெஸ்ட் செய்ய வேண்டும் என்றார். கையில் ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனை வேறு, இது வேறு. முதுகில் ஒட்டிப் பார்ப்பது இது. ஸ்டீராய்டு மாத்திரை எதுவும் சாப்பிடுகிறேனா என்று கேட்டுக்கொண்டார். சாப்பிட்டால் முடிவு மறைந்துவிடுமாம். கோடையில் வியர்த்து ஒட்டு பிரிந்துவிடும் என்பதால் தை மாதத்திலேயே தேதி கொடுத்தார். வரும்போது உதட்டில் படுகிற எல்லாவற்றையும் எடுத்துவரச் சொன்னார். ஒரு பழைய சுருக்குப் பையில் லிப் பாம், இரண்டு லிப்ஸ்டிக், பேஸ்ட், பன்னீர், தேன், அப்புறம் அம்மிச்சியின் நினைவாக நான் இன்னும் வைத்திருந்த விளக்கெண்ணெய்க் குப்பி எல்லாம் போயின.

திங்கட்கிழமை ஒட்டினார்கள். வெள்ளை பிளாஸ்திரியில் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சின்ன அலுமினியக் கிண்ணங்கள், வரிசைக்கு ஐந்தாக இரண்டு வரிசை. அப்படி மூன்று பட்டை. ஒவ்வொரு கிண்ணத்திலும் ஊசிக் குழலிலிருந்து அரிசிமணி போல ஒரு சொட்டு மருந்தைப் பிதுக்கி வைத்தார் அங்கிருந்த ஒரு பெண். பெரும்பாலான சோதனைப் பொருள்களை வெள்ளை வாசலினில்தான் குழைத்து வைத்திருப்பார்கள் என்று அவர் சொன்னபோது எனக்கு வியப்பாக இருந்தது. அது அவ்வளவு சாது, யாருக்கும் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். என் லிப் பாமையும் லிப்ஸ்டிக்கையும் விளக்கெண்ணெயையும் அப்படியே வைத்தார்கள். பேஸ்ட்டை வைக்கவில்லை, அதை மூடி ஒட்டினால் ஒவ்வாமை இல்லாதவர் தோலும் எரிந்து சிவக்குமாம்.

இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக்கூடாது, குனிந்து நிமிரும் வேலை கூடாது, வியர்க்கக் கூடாது. வீட்டுக்காரர்தான் இரண்டு நாளும் துணி துவைத்துக் காயப்போட்டார். குப்புறப் படுத்தேன். செவ்வாய் இரவு இடது தோள்பட்டைக்குக் கீழே ஓரிடத்தில் அரிப்பு ஆரம்பித்தது. "ஏங்க, அங்க என்ன இருக்குன்னு பாருங்க" என்றேன். "ஒட்டுக்கு மேல எப்படித் தெரியும், சும்மா படு" என்றார். தூக்கம் வரவில்லை. ஆனால் அந்த அரிப்பு எனக்கு வேண்டியிருந்தது. எது என்று தெரிந்தால் போதும் என்று கிடந்தேன்.

புதன்கிழமை பட்டைகளைப் பிரித்து, பேனாவால் கட்டம் போட்டு ஒரு முறை பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொன்னார்கள். இந்த இரண்டாவது முறையைத் தவறவிடவே கூடாது. புதன்கிழமை லேசான சிவப்பாக இருந்த ஓர் இடம் வெள்ளிக்கிழமைக்குள் மேடிட்டு, சின்னக் கொப்புளங்களோடு எழும்பியிருந்தது. மருத்துவர் என் கைப்பேசியிலேயே படம் எடுத்துக் காட்டினார். முதுகில் மூன்று இடம். கூட்டல் குறி கூடக் கூட ஒவ்வாமை பலமானது என்று கணக்கு. நறுமணக் கலவை, இரண்டு கூட்டல் குறி. பெரு பால்சம் என்ற மரப்பிசின், ஒரு கூட்டல் குறி. என் ரோஜா லிப் பாம், இரண்டு கூட்டல் குறி.

அரிசிமணி அளவு லிப் பாமுக்கு முதுகுத் தோல் அப்படி வீங்கியிருந்தது. ஆறு மாதம் தினமும் பத்து முறை அதைத்தான் புண்ணின் மேலேயே தடவியிருக்கிறேன். அங்கேயே கண் கலங்கிவிட்டது.

நறுமணக் கலவை என்று அவர்கள் வைப்பதில் எட்டு வாசனைப் பொருள்கள் இருக்கின்றன. பட்டையின் மணம் தருகிற சின்னமால், கிராம்பின் யூஜினால், ரோஜாவின் மணத்தில் இருக்கிற ஜெரானியால், நம் கல்பாசிக்கு உறவான ஒரு மரப்பாசி, இப்படி. கேட்கக் கேட்க என் ஒரு நாள் முழுவதும் அதற்குள் அடங்கியது. கிராம்பும் பட்டையும் போட்ட பேஸ்ட், ராத்திரி துடைக்கிற பன்னீர், ரோஜா லிப் பாம். இயற்கையானது, மூலிகை, கெடுதல் இல்லாதது என்று தேடித் தேடி வாங்கியவை அத்தனையும். செடியிலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும் ஜெரானியால் ஜெரானியால்தான். தோலுக்கு அந்த வித்தியாசம் கிடையாது.

விளக்கெண்ணெய் வைத்த கட்டத்தில் தோல் சுத்தமாக இருந்தது. லிப்ஸ்டிக் பலவற்றுக்கு அடிப்படையே விளக்கெண்ணெய்தான், அதற்கும் சிலருக்கு ஒவ்வாமை வரும், நல்லவேளை உங்களுக்கு இல்லை என்றார் மருத்துவர். எனக்கு ஏனோ அம்மிச்சியின் கையே திரும்பக் கிடைத்தது போல இருந்தது. எனக்கு ஒத்துப்போனது என்பதற்காக நீங்கள் தடவ வேண்டாம். கம்பளிக் கொழுப்பான லேனோலின், தேன்மெழுகோடு வரும் புரோபோலிஸ், வெயிலுக்காகச் சேர்க்கும் ஆக்சிபென்சோன், குளிர்ச்சிக்காகப் போடும் புதினா எண்ணெய், லிப்ஸ்டிக்கின் உலோகக் கூட்டில் இருக்கும் நிக்கல் என ஆளுக்கு ஆள் காரணம் வேறுபடும். தெரிந்துகொள்ள வழி அந்தச் சோதனைதான். 1895-இல் யோசெஃப் யாடாசோன் என்ற தோல் மருத்துவர் தொடங்கிவைத்த முறை, அடிப்படையில் இன்றும் அதுவேதான்.

மருந்து என்று அவர் கொடுத்தது கொஞ்சம்தான். ஒரு வாரம் மிதமான ஸ்டீராய்டு, அப்புறம் ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் ஆயின்மென்ட். அது முதல் நாலைந்து நாள் மிளகாய் பட்டது போல எரிந்தது. எரியும் என்று முன்பே சொல்லியிருந்ததால் விடாமல் போட்டேன். மற்றபடி மணமில்லாத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி மட்டும். அதிலும் கவனம் வேண்டும், கடையில் முதலில் எனக்குக் கொடுத்த டப்பாவில் வாசனை சேர்த்திருந்தார்கள். மணமில்லாத பேஸ்ட்டைத் தேடித்தான் வாங்க வேண்டியிருந்தது. பல் தேய்க்கும் முன் உதட்டைச் சுற்றி ஜெல்லி தடவிக்கொள்வேன். நாக்கால் நனைப்பதை நிறுத்துவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிவைத்தேன், நான் நாக்கை நீட்டினால் "டீச்சர்!" என்று குரல் கொடுக்கச் சொல்லி. அவர்கள் ஒரு முறைகூட விடவில்லை.

ஆறு வாரத்தில் உரிதல் நின்றது. கருமை மட்டும் போகவில்லை. ஒவ்வாமை அடங்கிய பிறகு நம் நிறத் தோலில் கருமை தங்கும், மாதக்கணக்கில் மெல்லக் குறையும் என்றார் மருத்துவர். சொந்தக்காரர்கள் உதட்டைப் பார்த்துக் கேட்ட கேள்விகள் அந்த மாதங்களில் ரொம்ப வலித்தன. பொம்பளைப் பிள்ளைக்கு உதடு கறுத்தால் என்னென்னவோ நினைக்கிறார்கள். இப்படி இருக்கிற ஒருவரைப் பார்த்தால் தயவுசெய்து அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

இப்போது எதை வாங்கினாலும் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்கிறேன். பர்ஃப்யூம், பார்ஃபம், ஃப்ராக்ரன்ஸ், அரோமா, ஃப்ளேவர் எது இருந்தாலும் கீழே வைத்துவிடுவேன். "அன்சென்டட்" என்று போட்டிருப்பதையும் நம்புவதில்லை. மூல வாசனையை மறைக்கவே வேறொரு வாசனையைச் சேர்த்திருப்பார்கள். ஐரோப்பாவில் 2005-இல் வந்த விதிப்படி, தோலில் தங்குகிற அழகுப் பொருளில் குறிப்பிட்ட 26 வாசனைப் பொருள்களில் ஒன்று 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே பெயர் சொல்லி அச்சிட வேண்டியிருந்தது; 2023-இல் அந்தப் பட்டியலை இன்னும் நீட்டினார்கள். அப்படி ஒரு விதி நம் கையில் வருகிற ஒவ்வொரு டப்பாவுக்கும் இருந்தால் என்னைப் போன்றவர்களுக்கு எவ்வளவு உதவியாக இருக்கும்!

புதிதாக ஏதும் வாங்கினால் நேராக உதட்டுக்குப் போகாது. முழங்கையின் உள்மடிப்பில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பேனாவால் வட்டம் போட்டு, அதற்குள் காலையும் மாலையும் தடவி இரண்டு வாரம் பார்க்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். போன மாதம் வாங்கிய ஒன்று ஐந்தாம் நாள் அரித்தது, தூக்கிப் போட்டுவிட்டேன். இப்போது வட்டத்துக்குள் இருப்பது வாசனை சேர்க்காத ஒரு மெரூன் லிப்ஸ்டிக். இன்று ஒன்பதாம் நாள், தோல் அப்படியே இருக்கிறது. தங்கை மகளின் சீருக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.