ஆடி மாதச் சந்திப்புகள்

ஜூலை 21, திங்கள்
ஆடியில் முகூர்த்தம் இல்லை, மண்டபம் எளிதாகக் கிடைக்கும். தொழில் சங்கக் கூட்டம் போட மதுரையில் தோதான மாதம். சனிக்கிழமைக் கூட்டத்துக்கான வேலை இன்றே தொடங்குகிறது. அழைப்பிதழைப் பார்த்து, வரக்கூடியவர்களில் ஐந்து பேரைக் குறிக்க வேண்டும். அதற்கு மேல் வேண்டாம். மேடைப் பேச்சு போக, காபிக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம்தான் தேறும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு குறிப்பு: அவரிடம் என்ன கேட்பது, நம்மால் அவருக்கு என்ன ஆகும். இரண்டாவதற்குப் பதில் இல்லையென்றால் அந்தப் பெயரை அடித்துவிடலாம். கேட்க மட்டுமே வருகிறவரைக் கண்டால் அடுத்த முறை ஒதுங்கிப் போவார்கள்.

ஜூலை 23, புதன்
விசிட்டிங் கார்டு: 3.5க்கு 2 அங்குலம், 300 ஜிஎஸ்எம் கனத்தில் அட்டை, பின்புறம் வெள்ளை. பளபளப்பு லேமினேஷன் கூடாது, பேனா மை வழுக்கும். பின்னால் குறிப்பெழுத முடியாத கார்டு பாதிதான் பயன். முன்பக்கம் பெயர், ஒரே ஒரு தொழில், வாட்ஸ்ஆப் எண். க்யூஆர் போட்டால் 2 செ.மீ.க்குக் குறையாமல், நாலு ஓரமும் வெற்றிடம் விட்டு. மொத்தமாக அச்சடிக்கும் முன் ஒரு படி எடுத்து இரண்டு போனில் சோதித்துவிட வேண்டும்.

ஜூலை 25, வெள்ளி
"என்ன தொழில் பண்றீங்க?" இதற்கு "இன்ஜினியரிங் ஒர்க்ஸ்" என்றால் பேச்சு அங்கேயே படுத்துவிடும். "கப்பலூர் சிட்கோவுல லேத் பட்டறைண்ணே. பம்பு ஷாஃப்ட் பத்து எண்ணம்னாலும் கடைஞ்சு தருவோம்." கேட்டவருக்கு உடனே தெரிந்த பம்பு மெக்கானிக் ஒருவர் நினைவுக்கு வருவார். இடம், பொருள், மற்றவர் தொடாத வேலை: மூன்றும் பதினைந்து நொடிக்குள்.

ஜூலை 26, சனி
கோரிப்பாளையம் நெரிசலையும் கணக்கில் வைத்து, இருபது நிமிடம் முன்பே அரங்கில் இருப்பது நல்லது. கூட்டம் சேர்ந்தபின் எல்லோரும் குரலை உயர்த்துவார்கள், வட்டங்களும் இறுகிவிடும். நிற்க நல்ல இடம், காபி வாங்கியவர்கள் வெளியே வரும் வழி. டம்ளர் இடது கையில் இருக்கட்டும். கார்டை வலது கையால்தான் கொடுக்க வேண்டும். இருவர் முகத்துக்கு முகம் பேசினால் நுழையக் கூடாது. தோளைத் திருப்பி ஒரு பக்கம் திறந்து நின்றால் நுழையலாம்.

"சொந்த ஊர் எது?" என்று தொடங்குவது நம் பழக்கம். அது எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். "பட்டறை எங்கே?" என்று கேட்டால் பேச்சு தொழிலிலேயே நிற்கும்.

தெரிந்தவர்கள் தெரிந்தவர்களோடேயே உட்காருவதுதான் இந்தக் கூட்டங்களின் பெரிய நஷ்டம். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரை இதைத்தான் காட்டியது: நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும், புதுச் செய்தி அரைகுறைப் பழக்கமுள்ளவர் வழியாகத்தான் வரும். அறிமுகமில்லாதவர் அருகில் காலியான நாற்காலியைத் தேட வேண்டும்.

விடைபெறும்போது "பாப்போம்" போதாது. "திங்கக்கிழமை பதினொரு மணிக்குக் கூப்பிடவா?" என்று கேட்டு, நகர்ந்ததும் கார்டின் பின்னால் மூன்றைக் குறிக்க வேண்டும்: எங்கே பார்த்தோம், எதைப் பேசினோம், என்ன தருவதாகச் சொன்னோம். மூன்றாவதுதான் முதலில் மறக்கும்.

ஜூலை 27, ஞாயிறு
ஒரு நாளுக்குள் வாட்ஸ்ஆப். "வணக்கம் அண்ணே, நேற்று காபி நேரத்தில் வார்ப்படத்தில் துளை விழுவதைப் பற்றிப் பேசினோம். சொன்ன ஃபவுண்டரி எண் இதோ." அவ்வளவுதான். கேட்காமல் கேட்டலாக் அனுப்புவது, குழுவில் சேர்ப்பது இரண்டும் பழக்கத்தைக் கெடுக்கும். போனில் பெயரோடு தொழிலும் தேதியும் சேர்த்துப் பதிவது அவசியம். வெறும் "முருகன்" ஏற்கெனவே நாலு பேர் இருப்பார்கள்.

ஆகஸ்ட் 4, திங்கள்
இரண்டாவது சந்திப்பு அவர் பட்டறையில் நடக்கட்டும். காலை வேளை வேண்டாம், ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் நேரம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்த நாள் இருக்கிறதே, அது நல்ல வாய்ப்பு. ஜெனரேட்டர் இல்லாத பட்டறையில் மெஷின் நிற்கும், முதலாளி ஓய்வாக இருப்பார். அந்தப் பகுதிக்கு என்று மின்தடை என்பதைச் செய்தித்தாளில் பார்த்து, முதல் நாளே போனில் சொல்லிவிட்டுப் போகலாம்.