டிரைவர் எழுத ஒரு வாரம், மெயில் அனுப்பக் கற்க மூன்று மாசம்

போன வாரம்தான் மெயின்டெய்னரிடமிருந்து (அந்தப் பகுதிக் கோடின் பொறுப்பாளர்) அந்த ஒற்றை வரி வந்தது: "அப்ளைடு, தேங்க்ஸ்." சின்ன ஈரப்பத சென்சாரை ஐ-டூ-சி என்ற இணைப்பு வழியாக இயக்கும் டிரைவர், 300 வரிகூட இல்லை. லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் அதை ஏற்ற மூன்று மாசம் ஆயிற்று. கோடில் இருந்த தப்புகளுக்குப் போனது பத்து நாள் இருந்தால் அதிகம்.

அங்கே கோடு மெயிலில்தான் போகும்; முதல் அடி ஆபீஸ் மெயிலில். கம்பெனி ஐடியில் போனால் கெத்து என்று நினைத்து பேட்சை (கோடில் செய்யும் மாற்றங்களின் தொகுப்பு) அதில் ஒட்டி அனுப்பினேன். டேப் எல்லாம் ஸ்பேஸாகிவிட்டது. யார் ட்ரீயிலும் (கெர்னல் கோடின் பிரதி) அப்ளை ஆகாது. அதைவிட மானக்கேடு, அடியில் சர்வர் தானாக ஒட்டும் "இது ரகசியம், உரியவர் அல்லாதோர் அழிக்கவும்" வாசகம். மெயின்டெய்னர் பதில் போட்டார்: "சொன்னபடி அழித்துவிட்டேன்." ஊரே பார்க்கிற மெயிலிங் லிஸ்டில்! வாசகத்தை எடுக்கச் சொல்லி ஐடி டீமிடம் டிக்கெட் போட்டால், 'பாலிசி' என்று மூடிவிட்டார்கள்.

கடைசியில் சொந்த மெயில், ஆப் பாஸ்வேர்டு, பேட்சைச் சிதைக்காமல் அனுப்பும் கிட் சென்ட்-இமெயில் கட்டளை. ஆத்தர் வரியிலும் சைன்டு-ஆஃப்-பை வரியிலும் கம்பெனி முகவரியே இருக்கலாம், தப்பில்லை. ஆனால் அந்த சைன்டு-ஆஃப்-பை வெறும் சடங்கு இல்லை, 'இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு' என்று கையெழுத்துப் போடுவது. லினக்ஸில் தன் கோடு இருக்கிறது என்று எஸ்சிஓ நிறுவனம் போட்ட வழக்கின் சூட்டில் 2004-ல் வந்த ஏற்பாடு. மேனேஜரிடம் எழுத்தில் ஓகே வாங்கிக்கொண்டேன். முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்த மெயிலை 'கிட் ஏஎம்' (மெயிலில் உள்ள பேட்சை ஏற்றும் கட்டளை) போட்டுப் பாருங்கள். உங்களிடமே ஏறாதது மெயின்டெய்னரிடம் எப்படி ஏறும்?

கோடின் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் கருவியில் சுத்தம். யாருக்கு அனுப்பணும் என்று சொல்லும் கெட்-மெயின்டெய்னர் கொடுத்த பெயர்களும் சரி.

வி2-வில் (பேட்சின் இரண்டாம் பதிப்பு) என் அவசரம்தான் வில்லன். முதல் கமென்ட் வந்த மூன்றாவது மணி நேரத்தில் திருத்தி அனுப்பினேன். இன்னொருவர் அப்போது வி1-ஐப் பாதி படித்துக்கொண்டிருந்தார். அவர் உழைப்பு வீண், கோபம் நியாயம். போதாததற்கு, என்னென்ன மாற்றினேன் என்ற பட்டியலை பேட்ச் மெயிலில் வரும் மூன்று கோட்டுக்கு (---) மேலே வைத்துவிட்டேன். மேலே இருப்பது கமிட் மெசேஜாக (கோடின் வரலாற்றில் பதியும் குறிப்பு) நிரந்தரமாகிவிடும். கீழேதான் போடணும். டிவைஸ் ட்ரீ பைண்டிங்கையும் (ஹார்டுவேரை கெர்னலுக்கு எப்படி விவரிக்கணும் என்ற ஆவணம்) டிரைவரோடு ஒரே பேட்சில் அமுக்கியிருந்தேன். அது தனி பேட்ச், டிரைவருக்கு முன்னால் வரணும்.

வி3-ஐ மெர்ஜ் விண்டோ (புது மாற்றங்களை கெர்னலில் சேர்க்கும் இரண்டு வாரம்) திறந்த அன்றே அனுப்பிய மகான் நான். நாலு நாள் பார்த்துவிட்டு "ஏதாவது ஆச்சா?" என்று வேறு கேட்டேன். அந்த இரண்டு வாரம் அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. அதன் முடிவில் ஆர்சி1 என்ற முதல் சோதனைப் பதிப்பு வரும்வரை வாயைக் கட்டியிருக்கணும். சாதாரண நாளிலேயே ஒரு வாரமாவது பொறுக்கணும். இதற்கிடையில், ஒருவர் பெரிய மனசோடு கொடுத்த ரிவ்யூட்-பையை ('படித்துச் சரிபார்த்தேன்' என்ற வரி) வி3-இல் சேர்க்க மறந்திருந்தேன். "என் டேக் எங்கே?" என்றார். இப்போது பி4 கருவியே அதைத் திரட்டிச் சேர்த்துவிடுகிறது.

ஆர்சி1 மேல் ரீபேஸ் செய்த (அதன் மேல் மறுபடி பொருத்திய) வி4 ஒரே மூச்சில் போய்விட்டது. வீட்டில் இனிப்பெல்லாம் வாங்கியாயிற்று. மறுநாள் காலை கெர்னல் டெஸ்ட் ரோபோ மெயில்: டிவைஸ் ட்ரீ இல்லாத கான்ஃபிகில் ஒரு டேபிள் பயன்படாமல் கிடக்கிறதாம். எந்தக் கமிட்டின் தப்பைத் திருத்துகிறது என்று 12 எழுத்து ஹேஷோடு (கமிட்டின் அடையாளக் குறி) சொல்லும் ஃபிக்ஸஸ் வரி போட்டு ஒரு பேட்ச் தயார். இந்த முறை எனக்கே அனுப்பிப் பார்த்துவிட்டேன்.