ரெட்டேரியில் பழகி, கொடைக்கானலில் எடுத்த படங்கள்

ஏரி நீரில் விழும் மலையின் பிம்பத்தைச் சூரியன் எழும் வேளையில் படமெடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சென்னைக் கொளத்தூரில் குடியிருப்பவனுக்கு மலை தொலைவில் இருந்தாலும் ஏரி நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆகவே, மாசியில் கொடைக்கானல் செல்வதற்கு முன், தை மாதத்தின் ஒவ்வொரு ஞாயிறும் விடியுமுன் ரெட்டேரிக் கரையில் முக்காலியை நிறுத்திப் பழகிக்கொண்டேன்.

முதல் ஞாயிறு எடுத்த படங்கள் அனைத்திலும் எதிர்க்கரையின் மரங்களும் அடுக்குமாடிகளும் நீருக்குள் மங்கிக் கிடந்தன. காற்றும் இல்லை, அலையும் இல்லை என்பதால் லென்ஸைத்தான் சந்தேகித்தேன். பிறகு யோசித்தபோது பிழை என்னுடையது என்று விளங்கியது: ஒன்றரை மீட்டர் தள்ளி மிதந்த ஆகாயத்தாமரை இலையில் ஃபோகஸ் வைத்திருந்தேன். பிம்பம் நீரின் மேற்பரப்பில் ஒட்டியிருப்பதில்லை. கேமராவிலிருந்து நீர்வரை உள்ள தூரத்தோடு, நீரிலிருந்து அந்தப் பொருள்வரை உள்ள தூரத்தையும் கூட்டினால் எவ்வளவு வருமோ, அவ்வளவு தொலைவில் அது இருக்கிறது. அடுத்த வாரம் எதிர்க்கரையிலேயே ஃபோகஸ் வைத்தேன், பிம்பம் தெளிந்தது.

வெளிச்சத்தைப் பற்றியும் இதேபோல் தவறாக எண்ணியிருந்தேன். தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை நீர் உள்வாங்கிக்கொள்வதால், பிம்பம் நேர்க்காட்சியைவிட இருண்டே இருக்கும். வானத்தின் பிரகாசத்தை அடக்க, மேல்பாதி மட்டும் கருத்திருக்கும் மூன்று ஸ்டாப் படிநிலை ஃபில்டரை (ஒரு ஸ்டாப் என்பது ஒளியைப் பாதியாக்கும் அல்லது இரட்டிப்பாக்கும் ஒரு படி) மாட்டியபோது, நீரில் இருந்த வானம் மேலே இருந்த வானத்தைவிடப் பிரகாசமாகிப் படம் பொய்யாகத் தோன்றியது. அன்றுமுதல் ஃபில்டரை விட்டுவிட்டு, வெளிச்ச அளவில் இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்கள் எடுத்துப் பின்னர் இணைக்கிறேன். நீரில் பட்டுத் திரும்பும் ஒளியைத் தடுக்கும் ஃபில்டரான போலரைசரும் இந்த வேலைக்கு ஆகாது. நீர்மட்டத்திற்குச் சுமார் 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போது அது பிம்பத்தையே அழித்துவிடக்கூடும்.

கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "காத்து ஏறுறதுக்கு முன்னாடி எடுத்துக்கோ தம்பி" என்றார். அவர் சொன்னது உண்மை. சூரியன் வருவதற்கு முந்தைய அரைமணி நேரம் நீர் கண்ணாடியாக இருக்கிறது. வெயில் ஏற ஏறச் சிற்றலைகள் எழுந்து பிம்பத்தை மேலும் கீழுமாக இழுத்துவிடுகின்றன. ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைத்தால் அலைகள் மறைகின்றனவே தவிர, குலைந்த பிம்பம் திரும்புவதில்லை.

கொடைக்கானல் ஏரி 1863-இல் வியர் ஹென்றி லெவிஞ்ச் உருவாக்கியது. கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், கைகைகளாகப் பிரிந்து விரிந்திருக்கிறது. கிழக்குக் கரையில் நின்று மேற்கே நோக்கினேன். கிழக்கே மலை மறைத்திருந்ததால், உதய நேரம் கடந்த பின்பும் நீர் நிழலிலேயே கிடக்க, எதிரிலிருந்த குன்றின் தலையில் மட்டும் பொன்னிறம் பட்டு மெல்ல இறங்கியது. அந்த இருபது நிமிடங்களுக்காகவே வந்தேன் என்று மனம் நிறைந்தது.

ஆனால் நின்றபடி எடுத்த முதல் படங்களில் ஒரு விந்தை இருந்தது. எதிர்க்கரைப் புதர் நேரில் குன்றின் அடியை மட்டுமே மறைத்திருக்க, நீரிலோ குன்றின் பெரும்பகுதியை விழுங்கியிருந்தது. நீருக்கு மேல் கேமரா எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு ஆழத்திலிருந்து மேல்நோக்கிப் பார்ப்பவரின் காட்சியையே பிம்பம் காட்டுகிறது. அங்கிருந்து பார்த்தால் அருகிலுள்ள புதர் உயர்ந்தும், பின்னாலுள்ள குன்று தாழ்ந்தும் தெரிகின்றன. முக்காலியின் கால்களை முழுவதும் விரித்து, கேமராவை நீருக்கு இரண்டு சாண் உயரத்திற்கு இறக்கி, ஈரத்தரையில் மண்டியிட்டு எடுத்தபோது புதர் சுருங்கிக் குன்று வெளிப்பட்டது. நீரில் தெரிவது கரையின் நகல் என்று அதுவரை நம்பியிருந்தேன். அது வேறோர் இடத்திலிருந்து பார்த்த தனிக் காட்சி.

திரும்பி வந்து மூன்று படங்களை அச்சிட்டேன். தாழ்வாக எடுத்தவற்றிலும் முக்காலியின் நடுத்தண்டு தரையில் இடித்ததால் நான் விரும்பிய உயரம் கிட்டவில்லை. தண்டைக் கழற்றிவிட்டு ரெட்டேரியில் தண்ணீர் குறைவதற்குள் மீண்டும் முயல்கிறேன்.