ட்ரொமானா வாயிற்காவல் வீடு: காகிதக்கூழில் ஒரு மாதிரி

அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டு பகுதியில், ஃபினிஸ்க் ஆற்றுப் பாலத்தின் முனையில் நிற்கும் ட்ரொமானா எஸ்டேட்டின் வாயிற்காவல் வீட்டைக் காகிதக்கூழில் செய்யத் தொடங்கி ஐந்து வாரங்கள் ஆகின்றன. அட்டையை விட்டுக் கூழை எடுத்ததற்கு அந்த வாயிலின் கதையே காரணம். 1826இல் எஸ்டேட் உரிமையாளர் ஹென்றி வில்லியர்ஸ்-ஸ்டூவர்ட் தம் புது மனைவியுடன் தேனிலவிலிருந்து திரும்பியபோது, அவர்களை வரவேற்கக் காகிதக்கூழ் போன்ற தற்காலிகப் பொருள்களால் ஒரு வாயில் எழுப்பப்பட்டது என்றும், அது அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போனதால் பின்னாளில் நிலையாகக் கட்டப்பட்டது என்றும் சொல்கிறார்கள். நிலையான கட்டடத்தின் வடிவமைப்பு மார்ட்டின் டேயினுடையது, ஆண்டு 1849.

நடுவில் வண்டி செல்லும் வளைவு, இரு பக்கமும் காவலர் வசித்த சிறு வீடுகள், மேலே வெங்காய வடிவக் குவிமாடம், மெலிந்த மினார்கள், சுவரில் கூர்முனைச் சன்னல்கள். இதை 'இந்து-கோதிக்' பாணி என்கிறார்கள்; கோதிக் என்பது கூர்முனை வளைவுகள் கொண்ட இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணி. குவிமாடமும் மினாரும் முகலாயக் கட்டடங்களை நினைவூட்டுபவை என்பதால் முதற்பாதிப் பெயர் எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. கட்டடக் கலைஞர் ஜான் நாஷ் 1815 முதல் 1822 வரை இங்கிலாந்தின் பிரைட்டனில் உருமாற்றிக் கட்டிய அரச மாளிகையின் சாயல்தான் இங்கே தெரிகிறது.

சுவர்களும் சன்னல்களும் எளிதில் முடிந்தன. சன்னலின் அகலத்தையே கவராயத்தின் அளவாக வைத்து, இரு ஓரங்களிலிருந்தும் வில் வரைந்தால் கூர்முனை தானாகக் கிடைத்துவிடுகிறது.

குவிமாடம்தான் மூன்று வாரங்களை விழுங்கியது. ரப்பர் பந்தின் மேல் கூழை அப்பியபோது வெறும் அரைக்கோளமே வந்தது. வெங்காய வடிவத்துக்கு அடியில் புடைப்பும், உச்சியை நெருங்கும்போது உள்நோக்கிக் குழிந்து கூராகும் வளைவும் வேண்டும். எனவே அந்த வளைவின் பாதியைத் தகரத்தில் வெட்டி, குச்சியில் நிறுத்திய கூழைச் சுழற்றிக்கொண்டே தகரத்தால் வழித்தேன். வடிவம் சரியாக வந்தது. ஆனால் ஒரே நாளில் தடிமனாக அப்பியதால் காயும்போது நான்கு இடங்களில் வெடித்தது. காகிதக்கூடை செய்யும் பாட்டிமார் கூழோடு வெந்தயம் அரைப்பது நினைவுக்கு வர, அதைச் சேர்த்து, நாளுக்கு ஒரு மெல்லிய பூச்சாக ஆறு நாள் பூசினேன். இம்முறை வெடிப்பில்லை.

செம்பில் படியும் பச்சை நிறத்தை அதன்மேல் தீட்டிவிட்டேன். மினார்களும் பாலமும் பாக்கி.