பஸ் டிக்கிக்குள் வெந்த கிற்றார்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் பகல் பஸ். கிற்றாரை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல், கொண்டக்டர் அதை எஞ்சினுக்குப் பக்கத்து டிக்கிக்குள் தள்ளிவிட்டார். வெள்ளவத்தையில் இறங்கிப் பெட்டியைத் திறந்தால், கம்பிகளைப் பிடித்திருக்கும் மரக்கட்டையான பிரிட்ஜின் பின்விளிம்பு கிளம்பி, விசிட்டிங் கார்ட் உள்ளே போகிற அளவுக்கு இடைவெளி. இன்னும் கோபம் ஆறவில்லை.

ஆறு இரும்புக் கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். பிரிட்ஜை ஒட்டும் மரவேலை மஞ்சள் பசை 60 பாகை செல்சியஸை நெருங்கினால் இளகும். டிக்கியில் போடத்தான் வேண்டுமென்றால் கம்பிகளை நன்றாகத் தளர்த்திவிடுங்கள்.

தெகிவளையில் கிற்றார் திருத்தும் பட்டறைக்கு 3 கிலோமீற்றர்கூட இல்லை. மீட்டர் போடாத ஓட்டோவுக்கு 1,000 ரூபாய்! திரும்பும்போது மீட்டரில் அதில் பாதிகூட வரவில்லை. திருத்தக்கூலிக்கு வைத்திருந்த காசு அது.

"தம்பி, இதுக்குள்ள சுப்பர்குளூ விட்டனியளோ?" மேசையில் வைத்ததும் பட்டறைக்காரர் கேட்டது அதைத்தான். இல்லை என்றதும் முகம் மலர்ந்தது. அந்தப் பசை முன்பலகையின் ஸ்புரூஸ் மர நாருக்குள் ஊறிவிட்டால், பிரிட்ஜைக் கழற்றும்போது மரமும் பிய்ந்து வரும்.

சுற்றியுள்ள பலகையை அட்டையும் அலுமினியத் தாளும் வைத்து மறைத்து, பிரிட்ஜை மட்டும் சூடாக்கினார். மெல்லிய தகட்டுக் கத்தியை மர நாரின் போக்குப் பார்த்து மெதுவாக நுழைத்தார். கழன்றதும் குற்றம் தெரிந்தது: பிரிட்ஜுக்கு அடியில் பாதி இடம் வார்னிஷ். தொழிற்சாலையில் சுரண்டாமலே ஒட்டியிருக்கிறார்கள். வார்னிஷில் பசை பிடிக்காது, வெறும் மரம்தான் வேண்டும். சூட்டுக்கு முன்பே பாதி பலம் போய்விட்டது.

டாப் எனும் முன்பலகை தட்டையல்ல, லேசான வளைவு. அதன்மேல் உப்புத்தாளை விரித்து, பிரிட்ஜின் அடியை அந்த வளைவுக்குத் தேய்த்தெடுத்தார். பிறகு பசை பூசி, சவுண்ட்ஹோல் எனும் நடு ஓட்டை வழியாக மூன்று கிளாம்ப் போட்டு இறுக்கினார். 24 மணிநேரம் தொடக்கூடாது.

அறைக்கு இன்னொரு நாள் வாடகை, வேறு வழியில்லை. ஆனால் அன்றிரவு காலி வீதியில் பால் அப்பமும் கட்டைச் சம்பலும்! விளிம்பு மொறுமொறு, நடு பஞ்சு. நான்கு சாப்பிட்டும் ஓட்டோக்காரர் வாங்கியதைவிடக் குறைவு.

கம்பி போட்டபின் 12ஆவது ஃபிரெட்டில் (கழுத்திலுள்ள உலோகக் கோடு) தடித்த கம்பிக்குக் கீழே 2.4 மில்லிமீற்றர் இடைவெளி, நல்ல உயரம். கிற்றாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் போதும், கொழும்புக் காற்றில் அதைவிட மிக அதிகம். டாப் ஈரம் குடித்து ஊதினால் கம்பி உயர்ந்துவிடும். கடற்கரைப் பக்கம் அறை எடுப்பவர்கள் வாசித்து முடித்ததும் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுங்கள்.