எம்பெக்கே மரத்தூண்களில் ஆடும் கால்கள்

கண்டியிலிருந்து பேராதனையைக் கடந்து, பிலிமத்தலாவைச் சந்தியில் தவுலகலை வீதிக்குத் திரும்பினால், கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்கே ஆகிய மூன்று தலங்களையும் ஒரே நாளில் தரிசித்துவிடலாம். கதிர்காமக் கந்தன் குடிகொண்ட எம்பெக்கே தேவாலயத்துக்கு, விசேட பூசை நடைபெறும் கெம்முற நாளான புதன்கிழமையில், தோட்டப் பாடசாலையொன்றில் சித்திரம் கற்பிக்கும் அக்கா மகனுடன் சென்றிருந்தேன்.

கம்பளையிலிருந்து ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டில் எழுந்த கோயில் இது. தோல்நோய் தீர வேண்டிக் கதிர்காமத்துக்கு நேர்த்தி வைத்து, குணமானபின் ஆண்டுதோறும் அங்கு சென்று மேளம் கொட்டிவந்த ரங்கம என்பவர் முதுமையால் தளர்ந்தபோது, கந்தன் கனவில் தோன்றித் தன் அற்புதத்தை அவருடைய ஊர்ப்பக்கமே காட்டுவதாக உணர்த்தினான் என்றும், எம்பெக்கேயில் வெட்டுப்பட்ட மரமொன்றில் குருதி வடிந்ததை அறிந்து அவர் அங்கே ஓடிச்சென்று மேளம் முழக்கி ஆடினார் என்றும் தலக்கதை சொல்கிறது.

அந்த ஆட்டத்தின் நினைவு சந்நிதிக்கு முன்னுள்ள மேள மண்டபத் தூண்களில் இன்றும் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. வருவோர் பெரும்பாலும் இருதலைப் பறவையையும் பின்னிப்பிணைந்த அன்னங்களையும் கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நாட்டியப் பெண்ணிடம் நிற்பவர் குறைவு. சாண் அகலச் சதுரத்துக்குள் ஒரு முழு ஆளை ஆடவிட வேண்டிய நெருக்கடியைத் தச்சர் சாதகமாக்கிக்கொண்டிருக்கிறார்: முழங்கால் மடிய, இடை ஒருபுறம் சாய, அந்தச் சாய்வைத் தோள் எதிர்ப்புறம் வாங்கிக்கொள்ள, உடல் அடுத்த அடிக்குத் தயாராகிவிட்ட கணத்தில் உளி நின்றிருக்கிறது. நிலைத்துவிட்ட அபிநயத்தைச் செதுக்குவது இதனினும் எளிது. ஆனால் அதில் தாளம் இராது.

பூசைக்கு மேளம் எழுந்ததும், அக்கா மகன் தாளில் முகத்தையோ கையையோ தொடாமல், பாதத்திலிருந்து தோள்வரை ஒரே கோட்டை இழுத்தான்.

“காமன் கூத்துல காலடி சரியா விழுந்த பொறகுதானே மாமா கை தானா வரும்? செதுக்குனவங்களும் ஆட்டத்தப் பாத்துத்தான் செஞ்சிருக்காங்க,” என்றான். மலையகத் தோட்டங்களில் ரதி–மன்மதன் கதையை ஆடும் கூத்து அது.

திரும்பும் வழியில் கடலாதெனியவில் இறங்கினோம். 1344இல் தென்னாட்டு மரபில் வந்த கணேஸ்வராச்சாரி எழுப்பிய கற்றளி அது. அதன் அடித்தளத்தில் ஆடுவோரும் மேளம் கொட்டுவோரும் வரிசையாக வருவதால், நாம் நடக்க நடக்க ஓர் ஆட்டமே அடியடியாகத் தொடர்கிறது. எம்பெக்கேயிலோ அந்த அடிகளனைத்தும் ஒரே உடலில் மடிந்துகிடக்கின்றன. எனக்கு மரமே உசத்தி. அவனோ கல் வரிசைதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஏற்றது என்று வாதிட்டு, வரும் மாசியில் அவர்களை அந்தக் கூத்து நடக்கும் திடலான காமன் பொட்டலுக்கு அழைத்துச்சென்று, ரதியும் மன்மதனும் ஆடும்போது கால்களை மட்டும் வரையச் சொல்லப்போவதாகக் கூறினான்.