மலிவு கார்பன் ஃபிரேம், மில்லிமீட்டர் கணக்கு

சீனாவின் சியாமென், ஷென்சென் வட்டாரத் தொழிற்சாலைகள் விற்கும் பெயர் ஒட்டாத கார்பன் கிராவல் ஃபிரேமை, அதாவது மண் ரோட்டுக்கான சைக்கிளின் சட்டத்தை, பார்த்தவுடன் எல்லோரும் கேட்பது, ‘நடுவழியில் முறிந்துவிடாதா?’ என்றுதான். நியாயமான பயம். ஆனால் இதை வாங்கியவர்கள் பட்டறையில் தலையில் கை வைத்து உட்காருவது பெரும்பாலும் வேறு காரணத்துக்கு. பேரிங் உட்காரும் குழி ஒரு பொடி பெரிதாக இருக்கும், பிரேக் உட்காரும் முகம் கோணலாக இருக்கும், ஆக்சில் மரை வேறாக இருக்கும். இன்னொரு பாகம் வந்து சேரும் இடங்களில்தான் மலிவு ஃபிரேம் தன் விலையைக் காட்டும். காசு கொடுக்கும் முன் வரைபடம், பெட்டி வந்தபின் வெர்னியர் காலிபர். இந்த இரண்டும் இல்லாமல் இறங்க வேண்டாம்.

இவற்றை ‘ஓபன் மோல்ட்’ ஃபிரேம் என்பார்கள். அச்சு தொழிற்சாலையுடையது, யார் கேட்டாலும் அதே அச்சில் செய்து கொடுப்பார்கள். ஒரே ஃபிரேம் நாலு பெயரில் நாலு விலைக்குக் கிடைப்பது அதனால்தான். ஃபோர்க்கோடு சேர்த்துப் பெரும்பாலும் 400 முதல் 700 டாலர். டோரே டி700, டி800 என்று கார்பன் இழையின் ரகத்தை ஒட்டியிருப்பதற்குக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். டி700 இழையின் விறைப்பு 230 ஜிகாபாஸ்கல், டி800-க்கு 294. எண் கூடினால் இழை விறைக்கும், ஃபிரேம் நல்லதாகிவிடாது. எந்த மூலையில் எத்தனை அடுக்கு, எந்தக் கோணத்தில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அது ஸ்டிக்கரில் வராது. அதற்குப் பதில், சைக்கிள் பாதுகாப்புத் தரமான ஐஎஸ்ஓ 4210-ன் சோதனை அறிக்கை கேளுங்கள். நீங்கள் வாங்கும் மாடலின் எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். நடுத்தர அளவு கிராவல் ஃபிரேம் 1.1 கிலோ அருகில் இருந்தால் நல்லது. 800 கிராம் என்று பெருமை பேசும் ஃபிரேமை மண் ரோட்டுக்கு எடுத்துப்போக எனக்கு மனசு வராது.

இந்தியாவிலிருந்து வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. அலிஎக்ஸ்பிரஸ் செயலி 2020 நவம்பரிலேயே தடையாகிவிட்டது. தொழிற்சாலையிடமே நேரடியாக எழுதிக் கேட்பதுதான் வழி. சுங்கவரியைக் குறைக்க பில்லில் பாதி விலை போட்டுத் தருகிறேன் என்பார்கள். அது பொய்க் கணக்கு. தவிர, பெட்டி வழியில் நொறுங்கினால் நஷ்ட ஈடும் அந்தப் பாதி விலைக்குத்தான்.

வரைபடத்தில் முதலில் தேட வேண்டியது பாட்டம் பிராக்கெட், சுருக்கமாக பிபி; பெடல் கிராங்கின் அச்சு சுழலும் பேரிங் தொகுதி. பிபி86 என்றால் 86.5 மி.மீ. அகலம், 41 மி.மீ. குழி, மரை கிடையாது; கப்பை அழுத்திச் செருக வேண்டும். குழி சரியான வட்டமாக, இரு பக்கமும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. மலிவு ஃபிரேமில் அந்த ‘இருந்தால்’ பெரிய சொல். வெர்னியரைக் குழிக்குள் விட்டு, கடிகாரத்தில் 12–6, 3–9 என்று இரண்டு திசையில் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இருந்தால் பேரிங் நசுங்கி உட்காரும், சீக்கிரமே முனக ஆரம்பிக்கும். ஏற்கெனவே பிபி86 வாங்கிவிட்டவர்கள், நடுவில் ஒன்றோடொன்று மரையில் திருகிப் பூட்டிக்கொள்ளும் இரட்டைக் கப் பிபி வாங்கிப் போடுவது நல்லது. கப்புகள் ஒன்றையொன்று இழுத்து நேராக்கிக்கொள்ளும். ஸ்பிண்டில், அதாவது கிராங்கின் அச்சு, 30 மி.மீ. உள்ள கிராங்கை இந்தக் குழிக்கு வாங்காதீர்கள். பேரிங்குக்கு இடம் சுருங்கி, குண்டுகள் ரொம்பச் சிறியதாகிவிடும். அவை மண்ணுக்கும் சேற்றுக்கும் தாங்காது. ஷிமானோவின் 24 மி.மீ. ஸ்பிண்டில்தான் இங்கே பொருத்தம்.

தேர்வு கையில் இருக்கிறது என்றால், கப்பை மரையில் திருகும் வகைகளான டி47 அல்லது பிஎஸ்ஏ உள்ள ஃபிரேமை எடுங்கள். டி47 என்பது 47 மி.மீ. விட்டம், 1 மி.மீ. மரை. ஆனால் டி47 ஒரே சாதி அல்ல. ஷெல், அதாவது பிபி உட்காரும் குழாய், 68 மி.மீ. என்றால் பேரிங் வெளியே நிற்கும், 86 மி.மீ. ஷெல்லில் உள்ளே உட்காரும், ஒரு பக்கம் உள்ளே ஒரு பக்கம் வெளியே என்ற மூன்றாம் ரகமும் உண்டு. ஷெல் அகலத்தை அளக்காமல் பிபி ஆர்டர் செய்தால் திருப்பி அனுப்பும் வேலைதான். இரண்டு முறையிலும் செயின் பக்கத்துக் கப் இடது மரை, அதாவது முறுக்க எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். மரையில் பெயின்ட் ஓடியிருக்கும். பழைய பிரஷ்ஷால் சுத்தம் செய்து, கிரீஸ் தடவி, கையாலேயே நாலைந்து சுற்று ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் ஸ்பேனரை எடுக்காதீர்கள். அது அலுமினிய உறை, குறுக்கு மரை விழுந்தால் ஃபிரேமே போச்சு.

அடுத்து, டிரெயிலியர், அதாவது செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கியர் கை, தொங்கும் ஹேங்கர். 2019-ல் ஸ்ராம் நிறுவனம் கொண்டுவந்த யூடிஎச் என்ற பொது வகை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுங்கள். நாளைக்கு எந்தக் கடையிலும் மாற்று கிடைக்கும். அந்த ஹேங்கர் போல்ட் இடது மரை, இறுக்கம் 25 நியூட்டன் மீட்டர். ஃபிரேமுக்கென்றே செய்த ஹேங்கர் என்றால் கூடவே இரண்டு உபரி வாங்கிவிடுங்கள். இரண்டு வருஷம் கழித்து அந்த அச்சு வழக்கொழிந்த பிறகு, பத்து டாலர் அலுமினியத் துண்டுக்காகச் சைக்கிள் சுவரில் தொங்கும். ஆக்சிலும் அப்படியே: முன்னால் 12×100, பின்னால் 12×142 என்பது எல்லோரும் சொல்வதுதான். மரை 1.0, 1.5, 1.75 என மூன்று உண்டு. ஃபிரேமோடு வரும் ஆக்சிலைப் பத்திரமாக வையுங்கள்.

பெட்டி வந்தவுடன் ஒரு பாகத்தையும் மாட்டாதீர்கள். டார்ச் அடித்து பிபி குழிக்குள்ளும், ஃபோர்க் நுழையும் ஹெட் ட்யூபுக்குள்ளும் பாருங்கள். அச்சுக்குள் கார்பனை அழுத்த ஊதிய பையின் பிளாஸ்டிக் துணுக்கு கொஞ்சம் ஒட்டியிருப்பது சகஜம், இடுக்கியால் பிய்த்து எடுத்துவிடலாம். இழை சுருங்கி மடிந்து முகடாக நின்றால் அது வேறு கதை. படமெடுத்து அனுப்பி மாற்றித் தரக் கேளுங்கள். பிறகு ஒரு நூலைப் பின் ஆக்சில் துளையின் ஒரு பக்கத்தில் கட்டி, ஹெட் ட்யூபைச் சுற்றி, மறுபக்கத் துளைக்கு இழுத்துக் கட்டுங்கள். நூலுக்கும் சீட் ட்யூபுக்கும் இடைவெளி இரு பக்கமும் 1 மி.மீ. வித்தியாசத்துக்குள் இருந்தால் ஃபிரேம் நேர். சீட் போஸ்ட் 27.2 மி.மீ. என்றால் அதைச் செருகிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் இறங்கும். கோபத்தில் மேலே மேலே முறுக்கினால் ஃபிரேம்தான் வெடிக்கும்.

ஹேண்டில் திரும்ப ஹெட் ட்யூபில் உட்காரும் ஹெட்செட் பேரிங்கின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் படமெடுத்து வையுங்கள். மேலே 41.8 மி.மீ., கீழே 52 மி.மீ. என்பது பரவலான ஜோடி. கேபிள் முழுக்கத் தலை வழியாகவே உள்ளே போகும் ஃபிரேம்களில் மேலேயும் 52 இருக்கும். அந்த முழு உள்வழி வகை பார்க்க அழகுதான். ஆனால் 300 ரூபாய் பேரிங் துருப்பிடித்தால் அதை மாற்ற பிரேக் ஹோஸைக் கழற்றி, ஹோஸ் முனையை அடைக்கும் புது ஆலிவ் வளையம் போட்டு, எண்ணெய் ஏற்றி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். டவுன் ட்யூபில் ஓட்டை போட்டு உள்ளே விடும் வகையே கையால் கட்டுபவனுக்கு உகந்தது. ஹோஸைச் செருகும்போது அதன்மேல் நுரைக் குழாய் மாட்ட மறக்காதீர்கள். மறந்தால் மண் ரோட்டில் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வரும்.

ஃபோர்க் தண்டு வெட்டும் இடத்தில்தான் அவசரக்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள். முதலில் ஹெட்செட், ஸ்பேசர் வளையம், ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் எல்லாம் அடுக்கி, ஸ்டெம்முக்கு மேலே 5 மி.மீ. ஸ்பேசர் ஒன்று வைத்து, அந்த மேல் விளிம்பில் தண்டில் கோடு போடுங்கள். வெட்ட வேண்டியது அந்தக் கோட்டுக்கு 3 மி.மீ. கீழே. தண்டு விளிம்பு ஸ்பேசரை விட உயர்ந்தால் மூடி தண்டின் மேல் உட்கார்ந்துவிடும், பேரிங்கை அழுத்தாது, தலை ஆடும். மேல் ஸ்பேசர் எதற்கு என்றால், ஸ்டெம்மின் பிடி முழுதும் தண்டின் மேல் விழ வேண்டும் என்பதற்கு. முதல் முறை 10 மி.மீ. மிச்சம் வைத்தே வெட்டுங்கள்; ஒரு மாதம் ஓட்டிவிட்டு ஹேண்டில்பார் உயரம் பிடித்த பிறகு கடைசி வெட்டு. வெட்டுமிடத்தில் டேப் இரண்டு சுற்று, அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஆக்சா பிளேடு, ரம்பக் கைடு, தண்ணீர் தெளித்து மெதுவாக. முக்கால் பங்கு அறுத்ததும் தண்டைத் திருப்பி எதிர்ப்பக்கமிருந்து அறுங்கள், இழை பிய்ந்து வராது. முகமூடி கட்டாயம்; அந்தக் கருந்தூள் நுரையீரலுக்கு ஆகாது. வெட்டிய விளிம்பை நைசான உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். உள்ளே நட்சத்திர நட்டு அடிக்கவே கூடாது, கார்பனை உள்ளிருந்து கீறிவிடும். விரியும் பிளக் போடுங்கள். ஸ்டெம் பிடிக்கும் உயரம் முழுதையும் உள்ளிருந்து தாங்கும் நீளத்தில் அது இருக்க வேண்டும். ஃபிரேமோடு இலவசமாக வரும் குட்டிப் பிளக்கைத் தூக்கிப் போடலாம்.

பிரேக் ஃபிளாட் மவுன்ட்டாகத்தான், அதாவது ஃபிரேமின் மேல் தட்டையாக உட்காரும் வகையாகத்தான், இருக்கும். பின் பிரேக் காலிபர் போல்ட்டின் நீளம் ஃபிரேமைப் பொறுத்தது. காலிபர் உட்காருமிடத்தில் செயின் ஸ்டே, அதாவது பிபியிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் குழாய், எவ்வளவு தடிமன் என்று அளந்து, ஷிமானோ காலிபர் என்றால் அதோடு 13 கூட்டுங்கள். 25 மி.மீ. தடிமனுக்கு 38 மி.மீ. போல்ட். குட்டையான போல்ட்டின் இரண்டு மரையில் பிரேக்கைத் தொங்கவிட்டு ஓட்டுவது தற்கொலை. நீளமானதைப் போட்டால் இறுகியது போலத் தோன்றும், காலிபர் ஆடிக்கொண்டே இருக்கும். இறுக்கம் 6 முதல் 8 நியூட்டன் மீட்டர். இறுக்கும்போது காலிபர் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் முகத்தில் பெயின்ட் திரண்டிருக்கிறது என்று அர்த்தம். தட்டையான கட்டையில் உப்புத்தாள் சுற்றி, பெயின்ட் மட்டும் போகும்வரை தேயுங்கள். கார்பன் நார் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள்.

கியருக்கு வருவோம். சிக்கனமாக முடிக்க மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் எக்ஸ் போதும்: முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் 10 வேகம், 11–48 பல் கேசட் (பின் பல்சக்கர அடுக்கு), கேபிள் பிரேக். ஹைட்ராலிக் வேண்டுமென்றால் ஷிமானோ ஜிஆர்எக்ஸ் 11 வேகம். ஒற்றைப் பல்சக்கரத்துக்கு ஆர்எக்ஸ்812 டிரெயிலியர், 11–42 கேசட். இங்கே ஒரு பொறி. மலை சைக்கிளுக்கான 11–42 கேசட்டும் அட்வென்ட் எக்ஸ் கேசட்டும் பழைய 8/9/10 வேக ஹப்புக்கென்று செய்தவை. ரோடு சைக்கிளின் 11 வேக ஹப்பில் மாட்டினால் அடியில் 1.85 மி.மீ. வளையம் போட வேண்டும். போடாவிட்டால் மூடியை எவ்வளவு இறுக்கினாலும் கேசட் கடகடவென்று ஆடும். ஜிஆர்எக்ஸ் கிராங்கில் பல்சக்கரம் ரோடு கிராங்கைவிட 2.5 மி.மீ. வெளியே நிற்கும், தடித்த செயின் ஸ்டே உள்ள கிராவல் ஃபிரேமுக்கு அது வசதி. கிராங்க் மூடியைக் கையளவில், 0.7 முதல் 1.5 நியூட்டன் மீட்டர். பக்கத்து இரண்டு போல்ட்டையும் மாறி மாறி 12–14. மாட்டியதும் பல்சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவே 3 மி.மீ. இடம் இருக்கிறதா பாருங்கள்.

சக்கரத்தில் பெரிய ரகசியம் இல்லை. உள் அகலம் 23–25 மி.மீ. ரிம், 40 மி.மீ. டயர், டயருக்கு 60–80 மில்லி சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்கும் திரவம். அகல ரிம்மில் 40 என்று போட்ட டயர் 42 வரை விரியும். ‘45 வரை போகும்’ என்று விற்பவர் சொன்னதைச் சேறு படும் முன் அளந்து பாருங்கள், டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே இரு பக்கமும் 4 மி.மீ. இடைவெளி வேண்டும். டயர் விளிம்பைப் பிடிக்கும் கொக்கியில்லாத ரிம் என்றால் எந்த நிலையிலும் 5 பாருக்கு மேல் காற்று ஏற்றக் கூடாது. கிராவலுக்கு அதில் பாதி போதும்.

சீட் போஸ்ட்டில் கிரீஸ் வேண்டாம், கார்பன் பேஸ்ட் தடவுங்கள். பேஸ்ட்டிலுள்ள மணல் பொடி பிடித்துக்கொள்வதால் 5 நியூட்டன் மீட்டரிலேயே நிற்கும்.

கட்டி முடித்த முதல் வாரத்தில் ‘கிரீச்’ கேட்டால் உடனே பிபி மேல் பழி போடாதீர்கள். எழுந்து நின்று மிதித்தால் சத்தம் நிற்கிறதா? சீட் அல்லது போஸ்ட். மிதிக்காமல் சரிவில் உருளும்போது ஹேண்டிலை ஆட்டினால் வருகிறதா? ஹெட்செட். மிதிக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் வந்தால் முதலில் பெடல் மரையைத் துடைத்து கிரீஸ் போடுங்கள், பிறகு பல்சக்கர போல்ட், பிறகு பின் ஆக்சிலும் ஹேங்கரும். இத்தனையும் பார்த்த பிறகே பிபியைத் தொட வேண்டும். பிபி86-ல் கப்பைத் தட்டி வெளியே எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் குழி இன்னும் கொஞ்சம் தளர்கிறது.